நோயாளியை அலைய விடாமல் வைத்தியர்கள் ஒன்றாக இருந்து கதைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்ரோபர் மாதம் வந்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்று எல்லாப் பத்திரிகைகளும் படம் போடுகின்றன, உங்கள் பத்திரிகையும்தான். இளஞ்சிவப்பு ரீசேட் போட்ட பிள்ளைகள், பதாகை, மேடையில் அதிகாரிகள், உங்கள் மார்பை நீங்களே பரிசோதியுங்கள் என்ற வாசகம். நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் துணுக்காயிலோ கொக்கிளாயிலோ இருக்கிற ஒரு பெண் நீங்கள் சொன்னபடியே பரிசோதித்து, ஒரு கட்டி தட்டுப்பட்டு, பயந்து, ஒருத்தருக்கும் சொல்லாமல் இரவிரவாக அழுது, பிறகு ஒருமாதிரி மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், அதற்குப் பிறகு அவளுக்கு என்ன நடக்கிறது என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருத்தத்துக்கு ஒரு டொக்டர் போதாது. கட்டியை முதலில் தொட்டுப் பார்ப்பவர் ஒருவர், மாமோகிராமும் ஸ்கானும் பார்த்துச் சொல்பவர் இன்னொருவர், ஊசியால் எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்து இது என்ன வகை என்று சொல்பவர் ஆய்வுகூடத்தில் இருப்பவர், வெட்டி எடுப்பவர் சத்திரசிகிச்சை நிபுணர், மருந்து ஏற்றுவதும் கதிர்வீச்சு கொடுப்பதும் புற்றுநோய் வைத்திய நிபுணரின் வேலை, கை வீங்காமல் பயிற்சி சொல்லித்தர இயன்மருத்துவர், இவ்வளவுக்கும் நடுவில் தாதிமார். இவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். பிரச்சினை என்னவென்றால் ஒருவர் ஒரு ஊரில், மற்றவர் இன்னொரு ஊரில், ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது யார்? நோயாளிதான். கிளினிக் கொப்பி, ரிப்போர்ட், படம் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏ9 வீதியில் பஸ்ஸில் போகும் பெண்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

என் மச்சாளுக்கு வந்தபோதுதான் எனக்கு இதெல்லாம் விளங்கியது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, அங்கே இருந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். முதலில் ஒரு இடத்தில் காட்டினோம், ஸ்கானுக்கு வேறு இடம், ஸ்கான் ரிப்போர்ட் கிடைத்து அதைக் காட்டப் போன அன்று டொக்டர் லீவு. பிறகு ஒப்பரேசன் செய்தார்கள், முழுமையாக எடுத்தார்கள், நல்லபடியாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு மருந்துக்கு அனுப்பிய இடத்தில் ஹோர்மோன் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. திரும்ப ஆய்வுகூடத்துக்குப் போய், வெட்டி எடுத்த சதைத் துண்டைத் தேடிப் பிடித்து, அதில் பரிசோதனை செய்யச் சொல்லி, அதற்கும் காத்திருந்து. இடையில் ஒரு டொக்டர், நல்ல மனிதர், குறை சொல்லும் நோக்கமே இல்லாமல், இவ்வளவு பெரிய கட்டியை முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கியிருக்கலாமே, மார்பையே எடுக்காமல் விட்டிருக்கலாமோ தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அன்று வீடு வந்து சேரும்வரை மச்சாள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அது உண்மையாகச் சாத்தியப்பட்டிருக்குமா இல்லையா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. வெட்டுவதற்கு முதல் அந்த இரண்டு டொக்டர்மாரும் ஒரு பத்து நிமிடம் கதைத்திருந்தால் தெரிந்திருக்கும், அல்லது அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

ஸ்கொட்லாந்தில் தாதியாக வேலை செய்கிற என் பெறாமகளிடம் இதைச் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, அன்ரி, மீற்றிங்கில் என்ன முடிவெடுத்தவை என்றுதான். எந்த மீற்றிங் என்று கேட்டேன். அங்கே கிழமைக்கு ஒருநாள் சத்திரசிகிச்சை நிபுணர், கதிரியல் நிபுணர், ஆய்வுகூட நிபுணர், புற்றுநோய் நிபுணர், மார்பகப் பராமரிப்புக்கென்றே பயிற்சி பெற்ற தாதி எல்லாரும் ஒரு அறையில் கூடி, புதிதாகக் கண்டுபிடித்த ஒவ்வொரு பெண்ணின் படத்தையும் ரிப்போர்ட்டையும் திரையில் போட்டு, இவருக்கு எதை முதலில் செய்வது எதை அடுத்துச் செய்வது என்று கதைத்து எழுதிவைக்கிறார்களாம். பிறகுதான் நோயாளியைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது விளங்கும், மேசனும் கூரைக்காரரும் முதலே இருந்து கதைக்காவிட்டால் கட்டின சுவரை இடிக்க வேண்டி வரும்.

இது வெள்ளைக்காரரின் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். கிளாஸ்கோ நகரத்தில் இந்தக் குழு முறையை 1995 இல் கொண்டுவந்தார்கள், சுற்றியுள்ள மற்றப் பகுதிகளில் அப்போது அது இல்லை. 1990 க்கும் 2000 க்கும் இடையில் நோய் கண்ட 13,722 பெண்களின் கணக்கை எடுத்துப் பார்த்து 2012 இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். குழு முறை வருவதற்கு முதல் கிளாஸ்கோ பக்கத்தில் மார்பகப் புற்றுநோய் மரணம் மற்றப் பகுதிகளை விட 11 சதவீதம் அதிகம். வந்த பிறகு 18 சதவீதம் குறைவு. அந்தக் காலத்தில் வேறு மாற்றங்களும் நடந்திருக்கும், எல்லாப் புகழையும் ஒரு மீற்றிங்குக்குக் கொடுக்க முடியாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அதே நாட்டில் அதே காலத்தில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கிடைத்த வித்தியாசம் அது, சும்மா தள்ளிவிடக்கூடியதில்லை.

ஏன் முதலே கதைக்க வேண்டும் என்றால், மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே வருத்தம் இல்லை. நாலில் மூன்று பங்கு அளவில் ஹோர்மோனைச் சாப்பிட்டு வளர்கிற வகை, அதற்குத் தமொக்சிபன் போன்ற குளிசையை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் வரை குடித்தால் திரும்பி வருவது நன்றாகக் குறையும். இன்னொரு வகைக்கு ஹேர்2 என்ற புரதம் அளவுக்கு மேல் இருக்கும், அதற்கு வேறு ஊசி. இரண்டும் இல்லாத வகையும் உண்டு, அதற்குப் பெரும்பாலும் கீமோதான். எந்த வகை என்று தெரியாமல் கத்தியை எடுத்தால் சிலருக்கு ஒன்றும் குறைந்துபோகாது, வேறு சிலருக்கு முதலில் மருந்து, பிறகு ஒப்பரேசன் என்ற வழியே அடைபட்டுவிடும்.

இதில் வன்னிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. சின்னக் கட்டி என்றால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் முழுமையாக எடுத்தவர்கள் வாழ்கிற காலத்துக்கு இவர்களும் வாழ்கிறார்கள், இருபது வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002 இலேயே சொல்லிவிட்டன. ஆனால் கதிர்வீச்சு என்றால் சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் போக வேண்டும், வழக்கமாக மூன்று கிழமைக்குக் குறையாது. முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணமே நூறு கிலோமீற்றருக்கு மேல், கதிர்வீச்சு கொடுக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற தெல்லிப்பழை அதற்கும் அங்கால். விடிய முதல் பஸ் ஏற வேண்டும், சமைத்து வைக்க வேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும், கூலி வேலைக்குப் போகிறவள் என்றால் அன்றைய சம்பளம் இல்லை. புருசன் இல்லாமல் தனியே குடும்பம் பார்க்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் எவ்வளவு பேர் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் என்ன நடக்கிறது? எனக்கு அலைய ஏலாது டொக்டர், முழுசா எடுத்துவிடுங்கோ என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். எழுத்தில் பார்த்தால் அது நோயாளியின் விருப்பம். உண்மையில் பஸ் எடுத்த முடிவு. முழுமையாக எடுத்தாலும் அக்குளில் நோய் பரவியிருந்தால் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்று சொல்ல அந்த இடத்தில் புற்றுநோய் நிபுணர் இல்லை, தங்குவதற்கு இடம் ஒழுங்கு செய்யலாம் என்று சொல்லச் சமூக சேவை உத்தியோகத்தரும் இல்லை. பிரிட்டனில் 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆரம்ப நிலையில் உள்ள பலருக்கு ஒரே கிழமையில் ஐந்து தடவை கொடுத்தாலே போதும் என்று காட்டியிருக்கிறது. அது யாருக்குப் பொருந்தும், எங்கள் இயந்திரத்தில் செய்யலாமா என்று முடிவுசெய்ய வேண்டியவர்கள் நிபுணர்கள்தான். நான் சொல்வது, நோயாளி தூரத்து ஒட்டுசுட்டானில் இருந்து வருகிறாளா பக்கத்து உரும்பிராயில் இருந்து வருகிறாளா என்பதும் அந்த மேசையில் ஒரு விஷயமாக இருக்க வேண்டும் என்று.

அடுத்தது பீஸ். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், யுத்தத்தில் வெடித்த செல், அதாவது எறிகணையின் துண்டு உடம்புக்குள் கிடப்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். 2009 இல் காயப்பட்டவர்களில் பலர் அதை எடுக்காமலே சீவிக்கிறார்கள். தோளில், நெஞ்சில், மார்பில் எங்கும் இருக்கலாம். கட்டி தட்டுப்பட்டாலும் "அது பழைய பீஸ், கனகாலமாக் கிடக்குது" என்று விட்டுவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அது பீஸாகவே இருக்கும், சிலருக்கு இருக்காது. கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது, மாமோகிராமில் உலோகம் வெள்ளையாகத் தெரியும், பழைய தழும்பும் சில நேரம் கட்டி மாதிரியே தெரிந்து குழப்பும். எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்றால் உடம்பில் இரும்பு இருக்கிறது என்று முதலே சொல்லியாக வேண்டும், அது காந்த இயந்திரம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது பெரிதாக இராது, எங்கள் வைத்தியர்களுக்குத்தான் அனுபவம். அந்த அனுபவம் ஒருவரின் தலைக்குள்ளேயே இருந்துவிட்டு, அவர் மாற்றலாகிப் போகும்போது அவரோடு போய்விடுகிறது. நாலு பேர் கூடி இருந்து படத்தைப் பார்க்கும் வழக்கம் இருந்தால் அந்த அனுபவம் மற்றவர்களிடமும் தங்கும்.

இனி, நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள் மீற்றிங் வைக்க என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், இருக்கிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள் என்று கிளினிக் வாசலில் இருந்து பார்த்த எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆட்கள் குறைவு என்பதுதான் மீற்றிங் வைப்பதற்குச் சரியான காரணம் என்று எனக்குப் படுகிறது. ஒரே நோயாளி ரிப்போர்ட் இல்லை என்று நாலு தடவை திரும்பி வந்தால் நாலு தடவையும் டொக்டரின் நேரம்தான் போகிறது. எல்லாரும் ஒரு அறையில் கூடத் தேவையும் இல்லை. கொரோனா நேரத்தில் பிள்ளைகள் மரத்தில் ஏறியிருந்து சூமில் படித்த நாடு இது. தெல்லிப்பழையில் புற்றுநோய் நிபுணர், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஆய்வுகூட நிபுணரும் கதிரியல் நிபுணரும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா, மன்னார் பெரியாஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சை நிபுணர்கள், கிழமைக்கு ஒரு மணித்தியாலம். படத்தை அனுப்பலாம், ரிப்போர்ட்டை அனுப்பலாம். அலைய வேண்டியது ஃபைல், பெண் அல்ல.

கட்டடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையே 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் எழும்பியது, சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் என்று எல்லாரும் கொடுத்த காசு. கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியோடு பெண்களுக்கென்று பெரிய நிலையம் ஒன்றை 2024 இல் திறந்தார்கள், படம் உங்கள் பத்திரிகையிலும் வந்திருக்கும். பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக்கும் கர்ப்பப்பை வருத்தங்களுக்கும் என்று கட்டியது, சரி. அங்கே ஒரு அறை, ஒரு திரை, நல்ல இணைப்பு, கிழமைக்கு ஒரு மணித்தியாலம். இதற்கு நெதர்லாந்துக்காரரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை.

மீற்றிங்கை விட முக்கியமானது என்று பெறாமகள் சொன்னது அந்த மார்பகப் பராமரிப்புத் தாதியைத்தான். நோயாளிக்கு ஒரு பெயரும் ஒரு ரெலிபோன் நம்பரும் கொடுக்கிறார்கள். கீமோ ஏற்றி மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தால் யாரைக் கேட்பது, நாளைக்குக் கிளினிக் இருக்கிறதா, ரிப்போர்ட் வந்துவிட்டதா, தலைமுடி எப்போது திரும்பி வரும், இதெல்லாம் அவரிடம். டொக்டரிடம் கேட்க வெட்கப்படுகிற கேள்விகளும் அவரிடம்தான். கீமோவுக்குப் பிறகு வருகிற காய்ச்சலை பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்து பார்க்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. அமெரிக்காவில் ஹார்லெம் என்கிற ஏழைப் பகுதியில் ஹெரால்ட் ஃபிரீமன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1990 இல் இப்படித்தான் தொடங்கினார், நோயாளியோடு கூடவே நின்று வழிகாட்டுகிற ஆட்களை நியமித்தார், குறைந்த செலவில் பரிசோதனையும் செய்யவைத்தார். அந்த ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் முன்பு 39 சதவீதம், பிறகு 70 சதவீதம். இந்தப் பக்கத்தில் காசில்லாத சனத்துக்கு இது சரிவராது என்று யாரும் சொன்னால் அவர்களுக்கு ஹார்லெமைக் காட்டலாம்.

எங்களிடம் இன்னும் வசதியான ஒன்று இருக்கிறது, அமெரிக்காவில்கூட இல்லாதது. மிஸ்ஸி. ஒவ்வொரு கிராமத்திலும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார், எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று தெரியும், மோட்டச்சைக்கிளில் படலை வரை வருவார். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைச் சுகவனிதையர் கிளினிக்குக் கூப்பிடுவதும் அவர்தான், அங்கே மார்பையும் பார்ப்பார்கள். கட்டி என்று கண்டால் துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து அவருக்கு ஒருவரும் திருப்பி அறிவிப்பதில்லை. மச்சாளின் மிஸ்ஸி எங்களைச் சந்தையில் கண்டுதான் கேட்டு அறிந்தார். குழு எடுத்த முடிவின் ஒரு பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் மிஸ்ஸிக்கும் அனுப்பினால், இன்றைக்குக் கீமோவுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவள் யார் என்று அவருக்குத் தெரியும். கத்தி பட்டால் பரவும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டுப் பயந்து நிற்கிறாளா, பஸ் காசு இல்லையா, புருசன் விடவில்லையா என்று போய்ப் பார்க்கிற ஆளும் அவரே. மிஸ்ஸிக்கு ஏற்கெனவே வேலை கூட என்பது தெரியும், ஒரு மிஸ்ஸியே இரண்டு மூன்று பிரிவைப் பார்க்கிற இடங்களும் உண்டு. வெற்றிடங்களை நிரப்பச் சொல்லியும் இதே கடிதத்தில் கேட்டுவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது. பரவக்கூடிய மார்பகப் புற்றுநோய்களில் 60 சதவீதத்துக்கு மேல் முதலாம் இரண்டாம் கட்டத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும், முதல் நாள் காட்டியதில் இருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்ய வேண்டும், 80 சதவீதம் பேர் சிகிச்சையை இடையில் விடாமல் முழுக்க முடிக்க வேண்டும். ஒப்பரேசனை ஒவ்வொரு நாலு கிழமை தள்ளிப்போடும்போதும் மரண அபாயம் 8 சதவீதம் அளவில் கூடுகிறது என்று 2020 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆகவே 60 நாள் என்பது சும்மா வட்டமான எண் இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும். கட்டியோடு வந்த பெண்களில் எத்தனை பேருக்கு 60 நாளுக்குள் முடிவு கிடைத்தது, எத்தனை பேர் கீமோவைப் பாதியில் விட்டார்கள், ஒப்பரேசனுக்கு முதல் எத்தனை பேரின் விஷயத்தைக் குழுவாக இருந்து கதைத்தார்கள். நான் ஒரு சாதாரண ஆள், எழுதிக் கேட்டால் கடிதம் எங்கே போகும் என்று எனக்கே தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் இருந்து இருக்கிறது, உங்கள் நிருபர்களுக்கு அதன் படிவம் நிரப்பத் தெரியும். மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்டு, வருகிற பதிலை அப்படியே போடுங்கள், பதில் வராவிட்டால் வரவில்லை என்று போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
விசுவமடு.